செயலிக்குள் திறக்கும் பக்கம்: அது யாருடைய பிரவுசர்?

அக்டோபர் கடைசி வாரம். அரையாண்டுச் சொத்து வரியை மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்று, வேளச்சேரியில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் குழுவில் ஒருவர் லிங்க்கோடு பதிவு போடுகிறார். குழு இருப்பது ஒரு சமூக வலைதளச் செயலியில். லிங்க்கைத் தொட்டால் பக்கம் திறக்கிறது. பெயர், கதவு எண், தொகை எல்லாம் சரியாக வருகின்றன. யுபிஐ என்று தேர்ந்தெடுத்து அழுத்தியதும் வெள்ளைத் திரை. இந்த முகவரி வகை தனக்குத் தெரியாது என்ற பொருளில் நடுவில் ஓர் ஆங்கில வரி. அதே லிங்க்கை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி அங்கிருந்து திறந்தால், பணம் கட்டி முடிந்துவிடுகிறது.

குழுவில் விவாதம் நடக்கிறது. வரித் தளத்தில் கோளாறு என்கிறார் ஒருவர். போன் பழசு என்கிறார் இன்னொருவர். யுபிஐ சர்வர் டவுன் என்பது மூன்றாமவரின் முடிவு. மூன்றும் இல்லை. இரண்டு முறையும் திறந்தது ஒரே பக்கம்தான், ஆனால் அதைத் திறந்தது ஒரே பிரவுசர் இல்லை. முதல் முறை அந்தச் செயலியே பிரவுசர் வேலையைப் பார்த்தது. இரண்டாம் முறை போனில் இருக்கும் உண்மையான பிரவுசர் பார்த்தது.

பணம் போகாதது சின்னச் சிக்கல், ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே இடத்தில் நாம் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் யாரால் பார்க்க முடியும் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் அடிப்படையிலிருந்தே வர வேண்டும்.

லிங்க்கைத் தொட்டதும் என்ன நடக்கிறது

கணினியில் நாம் முதலில் பிரவுசரைத் திறக்கிறோம், பிறகு தளத்துக்குப் போகிறோம். போனில் பெரும்பாலும் தலைகீழ். ஏதோ ஒரு செயலியில் இருக்கும்போது லிங்க் கண்ணில் படுகிறது, தொடுகிறோம். அந்த நொடியில் முடிவெடுப்பது அந்தச் செயலி. அதன் முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதையில், ‘இந்த முகவரியைத் திறக்க வேண்டும், யாரால் முடியும்?’ என்று செயலி போனின் இயங்குதளத்திடம் கேட்கிறது. ஆண்ட்ராய்டில் இந்தக் கோரிக்கைக்கு இன்டென்ட் என்று பெயர். இயங்குதளம் தன் பட்டியலைப் பார்த்து, அந்த முகவரிக்குச் சொந்தமான செயலி போனில் இருந்தால் அதனிடம் கொடுக்கும், இல்லையென்றால் நாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பிரவுசரிடம் கொடுக்கும். ரயில் டிக்கெட் தளத்தின் லிங்க்கைத் தொட்டால் சில நேரம் பிரவுசருக்குப் பதில் அந்த நிறுவனத்தின் செயலி திறப்பது இதனால்தான். இப்படி ஒரு தளமும் ஒரு செயலியும் ஒரே ஆளுடையவை என்று உறுதிசெய்து இணைக்கும் ஏற்பாடு ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 2015-இல் வந்தது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, இந்த உறுதிப்பாடு இல்லாத செயலிகளை ஒதுக்கிவிட்டு இணைய முகவரிகளை நேராகப் பிரவுசருக்கே அனுப்பத் தொடங்கியது. ஐபோனில் சஃபாரி தவிர வேறு பிரவுசரை இயல்பானதாக வைத்துக்கொள்ளும் உரிமையே 2020-இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகுதான் கிடைத்தது.

இரண்டாம் பாதையில், செயலி யாரிடமும் கேட்பதில்லை. தனக்குள்ளேயே ஒரு சிறு பிரவுசர் சட்டகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தை அங்கேயே காட்டிவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் 2015-இல் ஒரு மூன்றாவது வழி வந்தது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

மூன்று வழிகள்

தி. நகரில் ஒரு கடையில் பொருள் வாங்குகிறீர்கள், கையில் பணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

1. வெளிப் பிரவுசர். கடையை விட்டு வெளியே வந்து, உங்கள் வங்கிக்கு நடந்துபோய்ப் பணம் எடுக்கிறீர்கள். கடைக்காரருக்கு நீங்கள் வெளியே போனது மட்டும் தெரியும். செயலி லிங்க்கைப் பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது இப்படித்தான். குரோமோ, சஃபாரியோ, பயர்பாக்ஸோ தன் முழு உருவத்தில் திறக்கும். அங்கே நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தால் மறுபடி கேட்காது.

2. கஸ்டம் டேப். கடையின் வளாகத்திலேயே வங்கியின் ஏடிஎம் அறை ஒன்று இருக்கிறது. கடையை விட்டு வெளியே போக வேண்டாம். ஆனால் அந்த அறை வங்கியுடையது, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் அழுத்தும் எண் கடைக்காரருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டில் குரோம் 45-ஆம் பதிப்போடு 2015-இல் வந்த வசதி இது, இன்று பயர்பாக்ஸ், சாம்சங் இன்டர்நெட், எட்ஜ் போன்றவையும் இதைத் தருகின்றன. ஐபோனில் அதே ஆண்டு ஐஓஎஸ் 9-இல் வந்தது சஃபாரி வியூ கன்ட்ரோலர். பக்கம் செயலிக்கு மேல் ஒரு திரையாக வந்து நிற்கும், மேல்பட்டையின் நிறத்தைக்கூடச் செயலி தனக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். உள்ளே ஓடுவது மட்டும் உண்மையான பிரவுசர். பக்கத்துக்குள் கை நுழைக்கச் செயலிக்கு வழியில்லை.

3. வெப்வியூ. ‘நீங்கள் ஏன் அலைய வேண்டும்? கார்டையும் பின் நம்பரையும் என்னிடம் கொடுங்கள், நானே எடுத்துத் தருகிறேன்’ என்கிறார் கடைக்காரர். அவர் நல்லவராக இருக்கலாம், பணமும் ஒழுங்காக வந்து சேரலாம். ஆனால் எண் அவர் கையில் போய்விட்டது. வெப்வியூ என்பது இணையப் பக்கத்தை வரைந்து காட்டும் ஓர் எந்திரம், செயலியின் உடம்பிலேயே பொருத்தப்பட்டது. பக்கத்தைக் காட்டுவதும், அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதும், அதை மாற்றுவதும் செயலியின் விருப்பம்.

கண்ணுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரிகின்றன. அதே பக்கம், அதே எழுத்து, அதே பொத்தான்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வெப்வியூவில் செயலிக்கு என்னென்ன முடியும்

நாம் நம்பிக்கை வைப்பது தளத்தின் மேல். வங்கியின் தளம், அரசுத் தளம், மேலே எச்டிடிபிஎஸ் என்று இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். எச்டிடிபிஎஸ் பாதுகாப்பது போனுக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள வழியை. நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அது உண்மை. ஆனால் வெப்வியூவில் அந்த வழி முடியும் இடமே செயலியின் உள்ளே இருக்கிறது. பூட்டிய பெட்டி பத்திரமாக வந்து சேர்கிறது, அதைத் திறக்கும் அறை செயலியுடையது.

அந்த அறையில் செயலி செய்யக்கூடியவை:

1. பக்கத்துக்குள் தன் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் செலுத்தலாம். பக்கத்தில் இருக்கும் எதையும் அந்த நிரல் படிக்கலாம், மாற்றலாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், தொடும் ஒவ்வொரு பொத்தானும் அதற்கு எட்டும்.

2. பக்கத்துக்கும் செயலிக்கும் நடுவில் ஒரு பாலம் போடலாம். பக்கத்தில் ஓடும் நிரல் செயலியின் வேலைகளை அழைக்க இது உதவும். நல்ல காரியத்துக்காக வந்த வசதிதான். ஆனால் 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2-க்கு முந்தைய பதிப்புகளில், இந்தப் பாலத்தின் வழியே கெட்ட பக்கமொன்று செயலிக்குள் புகுந்து தன் நிரலை ஓட்டும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

3. குக்கிகளைப் படிக்கலாம். லாகின் செய்த பிறகு ‘இவர் இன்னார்’ என்று தளம் நம்மிடம் விட்டுவைக்கும் அடையாளச் சீட்டுதான் குக்கி. வெப்வியூவின் குக்கிகள் அந்தந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும், உங்கள் பிரவுசரோடு பகிரப்படாது. குரோமில் ஏற்கெனவே லாகின் செய்திருந்தும் செயலிக்குள் திறக்கும் பக்கம் மறுபடி பாஸ்வேர்டு கேட்பது இதனால்தான். ஏற்கெனவே நுழைந்திருக்கும் இடத்தில் மறுபடி சாவி கேட்டால், திறந்திருப்பது உங்கள் வழக்கமான பிரவுசர் இல்லை என்று சந்தேகப்பட அதுவே போதுமான காரணம்.

4. முகவரிப் பட்டையைக் காட்டாமல் விடலாம். அல்லது தான் வரைந்த பட்டையில் தான் விரும்பியதை எழுதலாம்.

‘முடியும்’ என்பதும் ‘செய்கிறார்கள்’ என்பதும் வேறு வேறு. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். 2022 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் கிராஸ் என்ற மென்பொருள் ஆய்வாளர் ஐபோன் செயலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் தங்கள் உள்பிரவுசரில் திறக்கும் பிறர் தளங்களில் தங்கள் நிரலைச் செலுத்துகின்றன என்று காட்டினார். டிக்டாக்கின் உள்பிரவுசரில் செலுத்தப்படும் நிரல், தட்டச்சாகும் எழுத்துகளைக் கவனிக்கும் வகையில் எழுதப்பட்டிருந்ததையும் வெளியிட்டார். பயனர்களின் கண்காணிப்புத் தேர்வுகளை மதிப்பதற்காகவே அந்த நிரல் என்றது அவ்விரண்டின் தாய் நிறுவனமான மெட்டா. பிழை திருத்தவும் வேகத்தை அளக்கவும்தான், எழுத்துகளைச் சேகரிப்பதில்லை என்றது டிக்டாக். தரவு திருடப்பட்டது என்று தானும் சொல்லவில்லை என்பதை கிராஸ் தெளிவாகவே எழுதினார். டிக்டாக் இந்தியாவில் 2020-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது, அதனால் அந்தப் பகுதி நம்மை நேரடியாகத் தொடவில்லை. மற்ற இரண்டும் சென்னையில் ஏறக்குறைய எல்லார் போனிலும் இருக்கின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நிறுவனங்களின் விளக்கம் சரியா இல்லையா என்பதை வெளியிலிருந்து யாராலும் சரிபார்க்க முடியாத நிலைதான். நம் வீட்டுச் சாவியின் நகல் ஒருவரிடம் இருக்கிறது, அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்று சொல்கிறார். நம்பலாம். ஆனால் நகல் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

இந்தக் கேள்வியை இணைய உலகம் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. இணைய நெறிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2017 அக்டோபரில் ஆர்எஃப்சி 8252 என்ற ஆவணத்தை வெளியிட்டது. ஒரு செயலி, வேறொரு நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு லாகின் செய்யச் சொல்லும்போது அதை வெப்வியூவில் செய்யக்கூடாது, வெளிப் பிரவுசரிலோ கஸ்டம் டேப் போன்றதிலோதான் செய்ய வேண்டும் என்கிறது அது. கூகுள் 2021 செப்டம்பர் 30 முதல் வெப்வியூவுக்குள் தன் கணக்கில் நுழைவதைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பேஸ்புக்கும் ஆண்ட்ராய்டில் பிறருடைய வெப்வியூவுக்குள் தன் கணக்கில் லாகின் செய்யும் வழியை நிறுத்தியது. அதாவது, தங்கள் பயனர்களின் பாஸ்வேர்டு அடுத்தவர் அறையில் தட்டப்படக் கூடாது என்பதில் இந்த நிறுவனங்கள் உறுதியாக இருக்கின்றன. அதே அக்கறை ஒரு சிறு வங்கிக்கும், கூட்டுறவுச் சங்கத் தளத்துக்கும், அரசுத் தளத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே.

யுபிஐ ஏன் நின்றுபோகிறது

இனி வேளச்சேரிக்காரரின் வெள்ளைத் திரைக்கு வருவோம்.

ஒவ்வோர் இணைய முகவரிக்கும் ஒரு முன்னொட்டு உண்டு. எச்டிடிபிஎஸ் என்றால் இணையப் பக்கம். மெயில்டு என்றால் மின்னஞ்சல். டெல் என்றால் தொலைபேசி எண். அதுபோல யுபிஐ என்பதே ஒரு முன்னொட்டு. பணம் கட்டும் பக்கத்தில் யுபிஐ பொத்தானைத் தொட்டால், யுபிஐ என்று தொடங்கும் ஒரு முகவரி உருவாகிறது. யாருக்கு, எந்த ஐடிக்கு, எவ்வளவு ரூபாய் என்ற விவரம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கும். அதன் பிறகு நடக்க வேண்டியது:

1. பக்கம் அந்த முகவரியைப் பிரவுசரிடம் கொடுக்கிறது.

2. ‘இது இணையப் பக்கம் இல்லை’ என்று புரிந்துகொண்டு, பிரவுசர் அதை இயங்குதளத்திடம் அனுப்புகிறது.

3. ஆண்ட்ராய்டில் இயங்குதளம் போனில் உள்ள யுபிஐ செயலிகளைப் பட்டியலிட்டுக் காட்டுகிறது.

4. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யுபிஐ பின் அடித்து, பணம் கட்டிவிட்டுப் பக்கத்துக்குத் திரும்புகிறீர்கள்.

உண்மையான பிரவுசருக்கு இரண்டாம் படி தெரியும். வெறும் வெப்வியூவுக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே இணையப் பக்கம்தான், யுபிஐ முகவரியையும் பக்கமாகவே திறக்கப் பார்த்து, தெரியாத வகை என்று கைவிரிக்கிறது. ஐபோனில் பல நேரம் அந்தப் பிழைச் செய்தியும் வராது. பொத்தானைத் தொட்டால் எதுவுமே நடக்காது, அவ்வளவுதான். செயலி எழுதியவர் ‘இப்படிப்பட்ட முகவரி வந்தால் வெளியே அனுப்பு’ என்று தனியாக எழுதியிருந்தால் வேலை செய்யும். அதனால்தான் ஒரு செயலியில் நடப்பது இன்னொரு செயலியில் நடப்பதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. யுபிஐ பின்னை நாம் அடிக்கும் திரை, பணம் கட்டும் பக்கத்தில் இல்லை. யுபிஐ செயலிக்குள், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு வழங்கும் பொது நிரல் தொகுதி அந்தத் திரையைக் கொண்டுவருகிறது. ஆகவே பக்கம் வெப்வியூவில் திறந்திருந்தாலும் யுபிஐ பின் அதற்கு எட்டாது. கார்டு எண், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, பக்கத்தில் தட்டும் ஓடிபி ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வணிகத் தளங்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது தளத்தைக் கட்டுப்படுத்தும் விதி. நீங்கள் எண்ணைத் தட்டும்போது கண்ணாடிக்கு மறுபுறம் இருக்கும் செயலியைப் பற்றி அது பேசவில்லை.

யுபிஐ மட்டும் அல்ல, ஆண்ட்ராய்டு வெப்வியூவில் இன்னும் சில வேலைகளும் இதே காரணத்தால் நின்றுபோகும். ரசீதின் பிடிஎஃப் இறங்காது. விண்ணப்பத்தில் புகைப்படம் சேர்க்கும் பொத்தான் அசையாது. இருப்பிடம் கேட்கும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் செயலி எழுதியவர் தனித்தனியாக இணைத்திருக்க வேண்டும். இ-சேவை போன்ற தளங்களில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது ‘அப்லோடு ஆகவில்லை’ என்று தவிப்பவர்கள், பக்கம் எந்தச் செயலிக்குள் திறந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது. பாதி விண்ணப்பம் நிரப்பிய பிறகு தெரிவதைவிட முதலிலேயே தெரிந்துகொண்டால் அரை மணி நேரம் மிச்சம்.

முகவரிப் பட்டை மறைந்தால்

‘உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்’ என்று வரும் மோசடிச் செய்தியைப் பார்க்காதவர் இந்த ஊரில் குறைவு. அந்த வகை மோசடிக்கு எதிராக நமக்கு இருக்கும் எளிய ஆயுதம், பக்கத்தின் மேலே உள்ள முகவரியைப் படிப்பது. வேறு அடையாளங்களை நம்ப முடியாது. லோகோவை யாரும் நகலெடுக்கலாம். பூட்டுப் படம் மோசடித் தளத்துக்கும் கிடைக்கும், அதனாலேயே குரோம் 2023-இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

முகவரியைப் படிப்பதை எளிதாக்கத்தான், இந்திய வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. வங்கி அல்லாதவர்களுக்கு அப்படி முடியும் முகவரி கிடைக்காது. நல்ல ஏற்பாடு, படிப்பறிவு குறைந்தவர்களுக்கும் ‘கடைசியில் பேங்க் டாட் இன் இருக்கிறதா பார்’ என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் முகவரிப் பட்டையே இல்லாத ஒரு வெப்வியூவில் அம்மா எதைப் பார்ப்பார்? பட்டை இருந்தாலும், அதில் எழுதியிருப்பது உண்மையான முகவரிதான் என்பதற்கு அந்தச் செயலியின் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. கஸ்டம் டேப்பில் முகவரியை எழுதுவது பிரவுசர், செயலியால் அதை மாற்ற முடியாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே, பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பக்கமும் வெப்வியூவில் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆண்ட்ராய்டு வெப்வியூவில் ஆபத்தான தளங்களை எச்சரிக்கும் வசதி 2018 முதல் இயல்பாகவே இயங்குகிறது, அதையும் சொல்ல வேண்டும். தெரிந்த மோசடித் தளம் என்றால் தடுக்கும். நேற்றிரவு தொடங்கிய தளம் என்றால் நம் கண்தான் கதி.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்

எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு வெப்வியூ வைப்பதில்லை. ஒரு செய்தி நிறுவனம் தன் கட்டுரையைத் தன் செயலியில் காட்டுவதற்கு வெப்வியூதான் சரியான கருவி. சொந்தப் பக்கம், சொந்தச் செயலி, நடுவில் மூன்றாம் ஆள் இல்லை. பல நிறுவனங்களின் உதவிப் பக்கம், விதிமுறைப் பக்கம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. தளத்தில் ஒரு முறை திருத்தினால் செயலியிலும் மாறிவிடும், புதிய பதிப்பு வெளியிட வேண்டாம்.

பிறருடைய தளத்தை வெப்வியூவில் காட்டுவதற்கு முக்கியக் காரணம் வேறு. பிரவுசருக்குப் போனவர் திரும்பி வராமல் போகலாம். உள்ளேயே வைத்துக்கொண்டால், பின்னால் ஓர் அம்புக்குறி தொட்டால் மறுபடி அதே பதிவுகளின் வரிசை. எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், விளம்பரத்தைப் பார்த்து வாங்கினாரா என்பதும் தெரியும். வணிகக் கணக்கு அது. கஸ்டம் டேப்பும் திரும்பி வரும் வசதியைத் தருகிறது என்பதால், ‘பயனரின் வசதிக்காக’ என்ற வாதம் 2015-க்குப் பிறகு வலுவிழந்துவிட்டது.

வெப்வியூவில் இன்னொரு பின்விளைவும் உண்டு. ஆண்ட்ராய்டில் பெரும்பாலான செயலிகள் ஒரே வெப்வியூ எந்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் அது பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் சீக்கிரம் அடைபடுகின்றன, அது நல்லது. ஆனால் 2021 மார்ச்சில் ஒரு புதுப்பிப்பில் பிழை வந்தபோது, ஜிமெயில் உட்பட ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல செயலிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் திறந்தவுடன் மூடிக்கொண்டன. போன் கெட்டுவிட்டது என்று ரிச்சி தெரு வரை போனவர்கள் இருந்திருப்பார்கள். கூகுள் புதிய பதிப்பு வெளியிட்ட பிறகே சரியானது.

செயலி எழுதுபவர்களுக்கு

ஓஎம்ஆர் ஐடி அலுவலகங்களில் உட்கார்ந்து இந்த முடிவை எடுப்பவர்கள் பலர் என்பதால் இந்தப் பகுதி. எனக்குத் தெரிந்து குழப்பம் வருவது பெரும்பாலும் அலட்சியத்தால். செயலி எழுதும் கருவியான ஃப்ளட்டரில், லிங்க் திறக்கும் யுஆர்எல் லாஞ்சர் போன்ற தொகுப்பைப் போட்டு, எந்த முறையில் திறக்க வேண்டும் என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

1. உங்கள் சொந்தப் பக்கம் என்றால் வெப்வியூ. அதிலும் உங்கள் தள முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள், வெளி லிங்க் வந்தால் வெளியே அனுப்புங்கள்.

2. பிறருடைய பக்கம் என்றால் கஸ்டம் டேப், ஐபோனில் சஃபாரி வியூ கன்ட்ரோலர். அல்லது நேராக வெளிப் பிரவுசர்.

3. வேறொரு கணக்கில் லாகின் என்றால் ஆண்ட்ராய்டில் கஸ்டம் டேப். ஐபோனில் இதற்கென்றே 2018 முதல் ஒரு தனி லாகின் அமர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சஃபாரி வியூ கன்ட்ரோலர் இங்கே பொருந்தாது, ஐஓஎஸ் 11 முதல் அதன் குக்கிகள் சஃபாரியோடு பகிரப்படுவதில்லை.

4. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து, போனில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று உங்கள் செயலியால் தன்னிச்சையாகப் பார்க்க முடியாது. எந்த வகை முகவரிகளைத் திறக்கப் போகிறீர்கள் என்று மேனிஃபெஸ்ட் கோப்பில் முன்கூட்டியே எழுத வேண்டும். எழுதாமல் ‘இதைத் திறக்க முடியுமா?’ என்று கேட்டால், போனில் பிரவுசர் இருந்தும் ‘முடியாது’ என்றே பதில் வரும். சோதனைக்கு வைத்திருக்கும் பழைய போனில் எல்லாம் சரியாக ஓடி, வாடிக்கையாளரின் புதுப் போனில் லிங்க் திறக்காமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

தளம் நடத்துபவர்களும் ஒன்று செய்யலாம். ஆண்ட்ராய்டு வெப்வியூ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியில் ஒரு தனி அடையாளம் சேர்த்து அனுப்புகிறது. அதைக் கண்டால், பணம் கட்டும் பொத்தானுக்கு முன்பே ‘இந்தப் பக்கத்தைப் பிரவுசரில் திறக்கவும்’ என்று தமிழில் ஒரு வரி காட்டலாம்.

எங்கே நிற்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது

1. மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். மெனுவின் அடியில் குரோம் அல்லது வேறு பிரவுசரின் பெயர் இருந்தால் அது கஸ்டம் டேப். ஐபோனில் திசைகாட்டி வடிவிலான சஃபாரி குறி இருந்தால் சஃபாரி வியூ கன்ட்ரோலர்.

2. முகவரிப் பட்டையே இல்லை, அல்லது மேலே சொன்ன குறிகள் எதுவும் இல்லாமல் ஏற்கெனவே லாகின் ஆன தளம் உங்களை அந்நியராகப் பார்க்கிறது என்றால் வெப்வியூ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அதே மூன்று புள்ளிகளுக்குள் வெளிப் பிரவுசரில் திறக்கும் வசதி இருக்கிறது. அது இல்லாத செயலியில், லிங்க்கை அழுத்திப் பிடித்து நகலெடுத்துப் பிரவுசரில் ஒட்டுங்கள்.

4. செய்தி படிக்க, சமையல் குறிப்பு பார்க்க இவ்வளவு பார்க்க வேண்டாம். பாஸ்வேர்டு, கார்டு எண், ஆதார், ஓடிபி இவற்றில் ஏதாவது ஒன்றைப் பக்கம் கேட்டால் நிறுத்திவிட்டு இடம் மாறுங்கள். மோசடிப் பக்கத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

அப்புறம், வேளச்சேரிக்காரருக்கு இருந்த கடைசிப் பயம்: வெள்ளைத் திரை வந்ததே, பணம் போய்விட்டதா? அந்தப் பிழையோடு நின்றிருந்தால் கோரிக்கை யுபிஐ செயலியை எட்டவே இல்லை. பின் கேட்கவில்லை என்றால் அந்தப் பொத்தானால் பணமும் போயிருக்காது. யுபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெள்ளைத் திரையில் ரிஃப்ரெஷ் செய்துகொண்டிருக்காமல் அதை மூடிவிட்டு, பிரவுசரில் தளத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.